மகள் முறை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு ஒரு ஆள் முன்னால் நின்றவர் திரும்பினார். அலுவலக ஏற்பாட்டில் நான் போய்ப் பேசிவிட்டு வரும் மனநல ஆலோசகர் அவர். ஐம்பதைத் தாண்டிய ஜெர்மன் பெண்மணி. அவர் கண் என் முகத்தில் பட்டது, நகர்ந்தது, எனக்குப் பின்னால் இருந்த சாக்லேட் அடுக்குக்குப் போய்விட்டது. நான் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். பாதிச் சிரிப்போடு நின்றேன். அவர் உருளைக்கிழங்கையும் பூனை உணவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனார்.

இந்த ஊருக்கு வந்த பிறகு பலதும் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் பால் கேட்கக் கூடாது. ஆனால் இது தைத்துவிட்டது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் பார்த்தும் பார்க்காதமாதிரி போனால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். சண்டை, இல்லாவிட்டால் ஒரு விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்டது. கடைசியாகப் போனபோது அவரிடம் என்ன தப்பாகப் பேசினேன் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். என் ஜெர்மன் தப்பும் தவறுமானதுதான். ஏதாவது ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் போயிருக்கலாம்.

அடுத்த முறை கேட்டுவிட்டேன். அவருக்கு ஆச்சரியமில்லை.

"வெளியில் பார்த்தால் நான் முதலில் வணக்கம் சொல்லமாட்டேன். உங்களோடு யாராவது இருந்து, இவர் யார் என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். என்னைத் தெரியுமா தெரியாதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். நீங்கள் சொன்னால் நானும் சொல்வேன்."

நான் கார் பிரேக்குக்கான சென்சார்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அளக்கிற கருவி, அளக்கப்படுகிற பொருளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

2

அப்பா கோவில்பட்டியை ஒட்டி ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கணக்கப்பிள்ளை கணக்கு மட்டும் எழுதுகிறவர் இல்லை. காலையில் வேலைக்கு வரும் பெண்களில் யார் பெட்டி அடைக்க, யார் பண்டல் போட என்று பிரித்து அனுப்புகிறவரும் அவர்தான்.

போன மாசியில் ஒருநாள் பெட்டி அடைக்கும் கூடத்தில் ஒரு ஆள் குறைந்தது. பண்டல் போடும் இடத்திலிருந்து பேச்சியம்மாளை அங்கே போய் உட்காரச் சொன்னார் அப்பா. பத்து மணி வாக்கில் அடைத்துக்கொண்டிருந்த குச்சி உரசித் தீப்பிடித்தது. மற்றவர்கள் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் கடைசியாக வந்தார். பெரியாஸ்பத்திரியில் சில நாள் இருந்தார், பிறகு இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. அப்பாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பேச்சியம்மாளின் புருஷன்கூட, "நீங்க என்ன அண்ணாச்சி பண்ணுவிய, அவ விதி" என்று கையைப் பிடித்துக்கொண்டு போனாராம். "நாலு பேரு முன்னால ஏசியிருந்தாக்கூட மனுசன் தேறியிருப்பாவ" என்பாள் அம்மா.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கருவி சரியில்லை என்றால், முதலில் மாறியது என்னென்ன என்று எழுதுவோம். அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினேன். ஆபீஸ் திரும்பத் திறந்த பிறகும் வேலைக்குப் போகவில்லை. அம்மா விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறார். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா லைட்டர் வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கள் புன்செய்க் காட்டுக்குப் போனால் உழவைப் பார்க்காமல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். போனில் நான் என்ன கேட்டாலும் "ம்" என்கிறார். அவராகக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அங்கன மழையா?"

எழுதி முடித்துப் பார்த்தேன். வழக்கமாகப் பட்டியல் முடியும்போது கோளாறு எங்கே என்று பிடிபடும். இங்கே கோளாறு எங்கே என்று முதல் நாளே தெரியும். செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

3

பேசுவதற்கு ஒரு ஆளைத் தேடலாம் என்று முடிவு செய்தது நான்தான். எனக்குத் தேவையானவரைப் பற்றி நான்கு நிபந்தனை போட்டேன். தெற்கத்தித் தமிழ் காதுக்குப் பழகியவராக இருக்க வேண்டும். வீடியோ இல்லாமல் போனில் பேசச் சம்மதிக்க வேண்டும். 'நல்லதையே நினையுங்கள்' என்று ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் ஊர்க்காரராக இருக்கக் கூடாது.

திருநெல்வேலியில் மேகலா கிடைத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முறையாகப் படித்தவர், குரலில் அவசரம் கிடையாது. அப்பா சம்மதிக்கத்தான் நாளானது.

"நான் என்ன கிறுக்கனா?"

"கிறுக்கங்கதான் பேசணுமா? எனக்காகப் பேசுங்க. இந்த வீட்டுல சுவத்தோட எத்தன நாளு குடும்பம் நடத்த?" என்றாள் அம்மா.

ஊருக்கு வெளியே எட்டயபுரம் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், ஆள் நடமாட்டமும் குறைவு. முதல் புதன்கிழமை சாயங்காலம் அப்பா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மேகலாவோடு பேசினார். வந்ததும் அம்மா எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன சொன்னாகப்பா?"

"அவிய டாக்டர் இல்லியாம் தாயி. மருந்து கிருந்து தரமாட்டாகளாம். நான் சொல்றத யார்ட்டயும் சொல்லமாட்டாகளாம். ஒன்ட்டயும் சொல்லமாட்டாகளாம்."

'ஒன்ட்டயும்' என்பதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இரண்டு வாரம் கழித்து மேகலாவைக் கூப்பிட்டு, முன்னேற்றம் எப்படி, வாரம் ஒருமுறை சுருக்கமாகச் சொன்னால் போதும் என்றேன்.

மேகலா சிரித்தார். "இது புராஜெக்ட் இல்லைங்க. அப்பா சொல்லச் சொன்னா சொல்றேன். இல்லன்னா நீங்க அவர்ட்டயே கேக்கலாமே."

"என்ட்ட சொல்லமாட்டாங்க."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

இங்கே என் ஆலோசகரிடம் ஒரு தாள் இருக்கிறது. இந்த வாரம் பாரம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைக் குறிக்க வேண்டும். எந்த எண்ணம் வந்தது, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். எனக்கு அது ஒத்துவரும். எண் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறமாதிரி. மேகலா அப்பாவிடம் தாள், எண் ஒன்றும் கேட்கவில்லை. வாரக்கணக்காக அவர் கேட்டதெல்லாம் ஆபீஸைப் பற்றித்தான். குச்சிக்கு மருந்து முக்குவது எப்படி, காலையில் யார் முதலில் வருவார்கள், கணக்கப்பிள்ளை எங்கே உட்காருவார்.

"அந்த மேடத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ்னா என்னன்னே தெரியல. வாரதுலயிருந்து போறது வரைக்கும் எல்லாம் சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கு" என்றார் அப்பா. மாசிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அது.

இதைத்தான் சிகிச்சை என்கிறார்களா என்று முதலில் சந்தேகமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பிடிபட்டது. பாலத்துக்கடியில் பாம்பு இருக்கிறதென்று பயப்படுகிறவரை நேராக அங்கே கூட்டிப்போகாமல், ரோடு முழுக்க அவரோடு நடந்துகொண்டிருந்தார் மேகலா. புரட்டாசியில் அப்பா டீக்கடைக்குப் போனார். விதைப்புக்கு ஆள் கூப்பிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டிவிட்டதாகச் சத்தம்கூடப் போட்டாராம். அம்மா அதை எனக்கு ஒரு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். ஐப்பசி முதல் வாரம் அவரே சொன்னார்.

"அடுத்த புதன்கிழம, ஆபீஸ்ல அன்னைக்குக் காலைல நடந்ததப் பேசலாமான்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுருக்கேன்."

4

அந்தப் புதன்கிழமை மழை. எங்கள் கரிசலில் மழை பெய்தால் செருப்போடு நடக்க முடியாது, காலுக்கு ரெண்டு கிலோ மண் ஏறிவிடும். அப்பா காட்டிலிருந்து வரத் தாமதமானது. கரண்ட் போய் வந்ததால் போனை வீட்டில் சார்ஜில் போட்டிருந்தார். சொன்ன நேரத்துக்கு மேகலாவின் அழைப்பு வந்தது. அம்மா எடுத்தாள்.

இனி நடந்ததை அம்மா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். அவளுக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

"அவிய இந்தா வந்துருவாவ. வாசல்லதான் கால் கழுவுதாவ. நீங்க இருங்க மேடம்."

"சரிம்மா, நான் அப்புறம் கூப்பிடவா?"

"எதுக்கு? இருங்க. ஆமா, ஒங்களுக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலிம்மா."

"பொறந்ததா, வாக்கப்பட்டதா?"

வீடு தேடி வந்தவரை ஒன்றும் கேட்காமல் உட்கார வைப்பது எங்கள் பக்கம் அவமரியாதை. போனில் வந்தாலும் வந்தவர்தான். மேகலா இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருக்கப் பழகியவர். ஆனால் தாய் வயதுள்ள ஒருத்தி, தன் பேச்சிலேயே, இத்தனை வாஞ்சையாகக் கேட்டால் எவ்வளவுதான் நழுவ முடியும்?

"வாக்கப்பட்டதும்மா. வீட்டுக்காரங்களுக்குக் குளத்தூர்ப் பக்கம்."

"குளத்தூரா? எந்தக் கோயில் கும்புடு?"

அதோடு முடிந்தது. குலசாமி எதுவென்று தெரிந்துவிட்டால் பங்காளி யார், சம்பந்தி யார் என்று அடுத்த மூச்சில் வந்துவிடும். மேகலா சொன்ன சாமி அம்மா பிறந்த வீட்டுச் சாமி. மேகலாவின் மாமனார் அம்மாவுக்குப் பங்காளி வகையில் அண்ணன். அப்பா கால் கழுவி, தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, இது யாருன்னு நெனச்சிய? நம்ம குளத்தூர் சங்கரபாண்டி அண்ணன் மருமகளாக்கும். ஒங்களுக்கு மக முறை. இத்தன நாளா மேடம் மேடம்னுட்டு இருந்தியளே." போனுக்குள்ளும் சொன்னாள்: "நீ என்னயச் சித்தின்னே கூப்புடு, தாயி."

அப்பா போனை வாங்கினார். பாலத்துக்குப் போகவில்லை. நடுவீட்டில் நின்றுகொண்டே பேசினார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா தாயி? மாப்ள என்ன பண்ணுதாவ? பிள்ளைய படிக்குதா? நல்லது. அங்கன மழையா? சரி தாயி. வச்சிருதேன்."

அம்மாவுக்கு அன்று அத்தனை சந்தோஷம். "வெளி ஆளுன்னு நெனச்சோம். நம்ம பிள்ளையே பாத்திருக்கு பாரேன். சாமியாப் பாத்து அனுப்பியிருக்கு" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. நானும் சிரித்தேன்.

5

அடுத்த புதன்கிழமை மேகலா கூப்பிட்டபோது அப்பா நலம் விசாரித்துவிட்டு வைத்தார். அதற்குள் அம்மா குளத்தூருக்குப் போன் போட்டுப் பேசியிருந்தாள். ஒரு பை மிளகாய் வத்தலும் கருப்பட்டியும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தாள். "ஒங்க மருமக எங்க வீட்டு ஆம்பளைக்கு எவ்ளோ ஆறுதல் சொல்லுது தெரியுமா மதினி" என்று வாயாரப் புகழ்ந்திருந்தாள். மதினி தன் மருமகளிடம் கேட்டிருக்கிறார்: "அவருக்கு என்ன செய்யுது? புத்தி கித்தி பெசகிருச்சா?"

மேகலா என்னைக் கூப்பிட்டார். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் பேசுவதாகச் சொன்னார்.

"நான் இனிமே பாக்க முடியாதுங்க. உறவுன்னு தெரிஞ்சப்புறம் பாக்கக் கூடாதுங்கறது எங்க தொழில்ல விதி. தெரியாம இருந்திருந்தா நடந்திருக்கும். இப்ப நான் அவர்ட்ட என்ன கேட்டாலும் அது குளத்தூர் வீட்டுல இருந்து கேக்குறமாதிரி அவருக்குக் கேக்கும்."

"விதிய விடுங்க. அவங்க உங்கட்டதான் பேசினாங்க. இன்னும் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்துச்சு."

"நீங்க சொல்றது எனக்குத் தெரியாதா?" அவர் குரல் அன்று முதல்முறையாகத் தடுமாறியது. "அந்தக் காலைக்குப் பக்கத்துல வந்து நின்னோம். நானும் ரெண்டு நாளா அதையேதான் நெனச்சிட்டிருக்கேன். ஆனா இப்ப நான் நடத்துனா அது அவருக்கு நல்லதில்ல. வேற நல்ல ஆளு சொல்றேன்."

அவர் வைத்திருக்கும் குறிப்புகளைப் புது ஆளுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எங்கள் வேலையில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்வது சாதாரணம். அப்பா சம்மதித்தால் அனுப்பலாம், ஆனால் அது பெரிதாக உதவாது என்றார். அப்பா அவரை நம்ப எடுத்துக்கொண்ட மாதங்களை யாருக்கும் அனுப்ப வழியில்லை.

அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

"நான் என்னட்டி தப்புப் பண்ணினேன்? வந்த பிள்ளைட்ட யாரு எவருன்னு கேக்குறது ஒரு குத்தமா? சொந்தம்னு தெரிஞ்சா கூடக் கொஞ்சம் அக்கறையாத்தான பாக்கும்? ஊரு ஒலகத்துல அப்பிடித்தான இருக்கு."

ஊர் உலகத்தில் அப்படித்தான் இருக்கிறது. தாசில்தார் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் முதலில் நம்ம ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. இந்த ஒரு இடத்தில் மட்டும் அது எப்படி விஷமாகும் என்று அவளுக்குப் புரியவைக்க என்னிடம் வார்த்தை இல்லை. அவள் கேட்டது ஊரை மட்டும் இல்லை, ஊர் வழியாக இன்னும் பலதையும்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவளை மேலும் அழவைக்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். "முறை என்னவோ இருக்கட்டும்ப்பா. அவங்க அதே ஆள்தானே. விதியையும் மீறி ஒருநாள் பேசச் சொன்னா பேசுவீங்களா?"

அப்பா சொன்னார். "வெளி ஆளுன்னா, நீ செஞ்சது தப்புன்னு தோணுனா மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லிரும். சொந்தக்காரி என்ன சொல்லுவா? ஆறுதலுக்கு நாலு வார்த்த சொல்லுவா. அது வீட்டுலயே கெடைக்கே."

"அவங்க அப்படி..."

"இன்னொண்ணு. மகட்டப் போயிச் சொல்லுத விசயமா தாயி அது?"

அதை அவர் யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லவில்லை. போனின் இந்தப் பக்கம் நான் இருந்தேன். "சரிப்பா" என்றேன்.

6

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பழைய பட்டியல்தான். டீக்கடை நின்றது. பாலம் நின்றது. "ம்" திரும்ப வந்தது.

நேரில் போனால் ஏதாவது செய்யலாம் என்று இருந்தது. இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் என் அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப விடுவார்களா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டேன். எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? மகள் எதிரில் வந்து உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

நானும் ஒரு ஆலோசகரிடம் போக ஆரம்பித்தது அந்த மார்கழியில்தான். வேலையில் ஒரே சோதனையை மூன்று முறை தப்பாகச் செய்தேன். என் மேலாளர் அன்பாகத்தான் சொன்னார், நிறுவனத்தில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது என்று.

இரண்டாவது சந்திப்பில் இந்தக் கதையை அவருக்குச் சொல்ல முயன்றேன். மகள் முறை என்பதற்கு என்னிடம் ஜெர்மன் வார்த்தை இல்லை. எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மின்சுற்று வரைவதுபோல் கோடு கோடாக வரைந்து காட்டினேன். அம்மா, அம்மாவின் பங்காளி அண்ணன், அவர் மகன், அவன் மனைவி. ஆலோசகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அப்படியென்றால் இவர் உங்களுக்கு உறவினர் இல்லை" என்றார்.

"உறவுதான்."

"எங்கே?" பேனாவால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். "உங்கள் அப்பா இவரை இதற்குமுன் பார்த்திருக்கிறாரா?"

"இல்லை."

"பிறகு எதற்கு நிறுத்தினார்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். பிறகு அவர் கேட்டார்: "அப்பா உங்களிடம் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்றேன். அந்த வாரத் தாளில் பாரத்துக்கு எண் போடாமல் வந்துவிட்டேன். ஜெர்மன் பாதி, ஆங்கிலம் பாதியாக நான் சொல்வதை அவர் எவ்வளவு வாங்கிக்கொள்கிறார் என்று தெரியவில்லை. ஆனால் அவருக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியாது, யார் மகள் என்று கேட்கமாட்டார். அந்த அறையில் நான் வெறுமனே ஒரு ஆள். அது எவ்வளவு இளைப்பாறுதல் என்று எனக்குத் தெரிந்தபோது, அப்பா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பேசிய மாதங்களை நினைத்துக்கொண்டேன்.

7

மாசி பிறந்ததும் பேச்சியம்மாளின் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறார். வருஷம் திரும்புகிறது, திவசத்துக்கு வர வேண்டும் என்று சொல்ல. வந்தவருக்கு அம்மா காப்பி கொடுத்துப் பேசி அனுப்பினாள். அப்பா புறவாசலில் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்றுகொண்டு கடைசி வரை வரவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு குறைந்துவிட்டது. ராத்திரி தூக்கமும் இல்லை என்றாள் அம்மா. "கண்ணெல்லாம் உள்ள போயிட்டுட்டி. எனக்குப் பயமா இருக்கு." எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து இருக்கும். அதை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொன்னேன். "முந்தாநாளே குடுத்துட்டேன்" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் என் போனில் அப்பா பெயர் வந்தது. நான் இங்கே வந்த பிறகு அவராக எனக்குப் போன் போட்டதே கிடையாது. சோதனைக் கூடத்தைவிட்டு வெளியே ஓடி எடுத்தேன்.

"வேற ஆளு இருந்தாப் பாரு தாயி."

"பாக்கேன்ப்பா."

"நம்ம பக்கம் வேண்டாம்."

"சரிப்பா."

"ஒங்கம்மா என்ன கேட்டாலும் ஒண்ணும் கெடைக்காத ஆளாப் பாரு."

மேகலாவிடமே கேட்டேன். அவர் வாணியம்பாடிக்காரர் ஒருவரைச் சொன்னார். பெயர் அன்வர், தன்னோடு படித்தவர் என்றார். நான் அம்மாவிடம் பெயரையும் ஊரையும் சொன்னேன். "அவிய கோயிலே கும்புட மாட்டாகளே. நான் ஒண்ணும் கேக்கலத்தா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டவளின் குரலாக இருந்தது.

தெரியாத நம்பரை அப்பா எடுக்கமாட்டார் என்பதால் முதல் நாள் நான் இருவரையும் ஒரு குழு அழைப்பில் இணைத்துவிடுவதாக ஏற்பாடு. இங்கே மதிய இடைவேளை, அங்கே வெயில் தாழும் நேரம். அலுவலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கூப்பிட்டேன். அப்பா பக்கத்திலிருந்து லாரி போகிற சத்தம் கேட்டது. ரோட்டுக்கு வந்துவிட்டார்.

"வணக்கம் ஐயா, நான் அன்வர் பேசறேன்."

"வணக்கம். நான் ஒங்கள எப்பிடிக் கூப்புடணும்?"

"அன்வர்னே கூப்பிடுங்க."

"பேர் சொல்லியா?"

"ஆமாங்க ஐயா. அதான் என் பேரு."

அப்பாவுக்கு அது கொஞ்சம் சிரமமாக இருந்தது. தொண்டையைச் செருமினார். அன்வர் அவசரப்படவில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், வெயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வடக்கத்தித் தமிழ். ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்பா ஒரு கணம் தாமதித்து, பிடித்துக்கொண்டு, பதில் சொன்னார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார் அன்வர். தீப்பெட்டி ஆபீஸ் என்றார் அப்பா. "ஆபீஸ்னா, என்ன மாதிரி ஆபீஸ்ங்க?" என்று கேட்டார் அன்வர். முதலிலிருந்தா? மருந்து முக்குவதிலிருந்து, கணக்கப்பிள்ளை உட்காரும் இடத்திலிருந்து, இத்தனை மாதத்தையும் திரும்பவா? அவ்வளவு தூரம் அப்பா இன்னொரு முறை நடப்பாரா?

இன்னொரு லாரி போனது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் பெறகு சொல்லுதேன்" என்றார் அப்பா. "போன மாசில ஒருநா காலைல நான் ஒரு பொம்பளைய எடம் மாத்தி ஒக்காரச் சொன்னேன்."

"சொல்லுங்க ஐயா."

"இருங்க." குரல் வேறு பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. "தாயி, நீ இன்னும் லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா."

"நீ வச்சிரு."

வைத்துவிட்டேன்.